வாசல் வரைக்கும் ஒரு வான்

மகன்,

எந்தக் கடிதத்தையும் சலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று உனக்குச் சொல்லித் தந்தவன் நான். அதனால் முதலில் சலாம். சொல்லியாகிவிட்டது. இனி நான் உன்னை ஏசப் போகிறேன், உட்கார்ந்து வாசி. இதைக் குரல் பதிவாக உன் போனுக்கு அனுப்பச் சொல்லி உம்மா சொன்னாள். அனுப்பினால் நீ வேகத்தை இரண்டு மடங்காக்கி, சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. அதோடு இது உனக்கு மட்டும் எழுதுவதுமில்லை. இந்த வருடம் மாப்பிள்ளையாகப் போகிற எல்லாப் பிள்ளைகளும், அவர்களைப் பெற்ற என்னைப் போன்ற மடையர்களும் வாசிக்கட்டும் என்றுதான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். உன் பெயரை எங்கும் போடவில்லை. அந்த அளவு மரியாதையை உனக்கு மிச்சம் வைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை ஓட்டமாவடியில் பஸ் ஏறி ஏறாவூருக்கு, நீ கட்டப்போகிற பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. நம் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய்த்தான் வாழ வேண்டும். அந்த வீட்டுக்கு நிறம் பூசி முடிந்ததா என்று பார்த்து வரலாமென்று போனேன். வீடு, நாங்கள் ஆறு என்று சொல்கிற வாவியின் கரையில், ஒரு மோட்டார் சைக்கிள் மட்டுமே நுழையக்கூடிய ஒழுங்கையின் கடைசியில் இருப்பது உனக்குத் தெரியும். சம்பந்தி ஒரு சின்னத் தையல்கடை வைத்திருக்கிற சாதுவான மனிதர். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, வீட்டுக்குள்ளே விடாமல், நேரே பின்பக்கம் கூட்டிப்போனார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. அங்கே தூரத்தில் ஒரு டிப்பர் லொறி பின்னால் தூக்கிக்கொண்டு கிறவல் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கே கொட்டியது தெரியுமா? வாவிக்குள். பெரிய ரோட்டு தண்ணீரைத் தொடும் இடத்திலிருந்து கரையோரமாகவே நிரப்பிக்கொண்டு இந்த வீட்டை நோக்கி வருகிறார்கள். நிரப்பிய இடத்தில் நின்ற கண்டல் மரங்களை அடியோடு தறித்து ஒரு பக்கத்தில் குவித்திருந்தார்கள். வேர்களில் சேறு காயவில்லை. அதற்குள்ளிருந்து குட்டி நண்டுகள் வெளியே வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கிறவலின் மேல் ஓடித் திரிந்தன.

“இஞ்ச பாருங்க சம்பந்தி, இதால ரோட்டுப் போட்டா மாப்பிள்ளட வான் வாசலுக்கே வரும். மழ பெஞ்சாலும் அவர்ட செருப்பு நனையாது,” என்றார் அவர். ஆரிடம் கேட்டு நிரப்புகிறீர்கள் என்று கேட்டேன். “எல்லாருந்தானே நிரப்புறாங்க, ஆருட்டக் கேக்கிற?” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றுபோய், மெதுவாகச் சொன்னார்: “உங்கட பக்கத்தாலதானே சொல்லி அனுப்பின, மாப்பிள்ளைக்கு ஒரு வான் வேணும், அது வாசல் வரைக்கும் வரணும் எண்டு.” நீ கட்டப்போகிற பிள்ளை தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். தகப்பன் டிப்பர்காரனிடம் பேசப் போன நேரம் பார்த்து, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “மாமா, மாரியில இந்தப் பக்கத்துத் தண்ணியெல்லாம் இதாலதான் ஆத்துக்க இறங்கிற. இனி அடுத்த வீடுகளுக்குள்ளதான் போகும். வாப்பாக்கிட்டச் சொன்னன், மாப்பிள்ள வீட்டாக்கள் கேட்டா என்ன செய்யிற எண்டு சொல்றாங்க. நான் வான் கேக்கல்ல மாமா. நான் பஸ்ஸிலதான் பள்ளிக்கூடம் படிப்பிக்கப் போறன்.” அவள் கொண்டு வந்த தேத்தண்ணியை என்னால் குடிக்க முடியவில்லை.

வந்த கையோடு உனக்குப் போன் எடுத்தேன். “நான் கேக்கல்ல வாப்பா, மாமாதான் கேட்டிரிப்பார்,” என்றாய். உம்மாவின் தம்பிதான் பேசப் போனவன், சரி. அவன் கேட்கப் போவதாக உன்னிடம் சொன்னபோது வேண்டாமென்று சொன்னாயா என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னாய். “இந்தக் காலத்துல வாகனமில்லாம எப்பிடி வாப்பா? கலியாணம் முடிச்ச ஆக்கள் பஸ்ஸிலயா போற?” என்றாய். அந்த ஒரு கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

பஸ்ஸிலா போவது என்று கேட்டாயே, கட்டாரில் ஆறு வருடமாக நீ எதில் வேலைக்குப் போகிறாய்? வெள்ளை நிறக் கம்பனி பஸ். அதற்குள் நீங்கள் நாற்பது பேரும் தோளோடு தோள் சாய்ந்து தூங்குகிற படத்தை நீதானே அனுப்பினாய். லீவு நாளில் ரயிலில் ஏறிக் கடற்கரைக்குப் போனேன், என்ன சுத்தம், என்ன சுகம் என்று மணித்தியாலக் கணக்கில் அதைப் புகழ்ந்தவனும் நீதான். அங்கே பஸ்ஸும் ரயிலும் முன்னேற்றம். இங்கே அதே பஸ் உனக்கு மரியாதைக் குறைவாகப் போய்விட்டதா? விமானத்தில் இருந்து இறங்கும்போதே எங்கள் பிள்ளைகளுக்கு இந்த வியாதி பிடித்துவிடுகிறது. ஊரில் நாலு முழ ஒழுங்கைக்குள் வான் வேண்டும். வான் நுழையாவிட்டால் ஒழுங்கையை அகட்ட வேண்டும். அகட்ட முடியாவிட்டால் ஆற்றை நிரப்ப வேண்டும். இப்படி ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால், உன் பிள்ளை வளர்கிறபோது அக்கரைக்கு நடந்தே போகலாம், வாவி என்று ஒன்று இருக்காது.

நீ மறந்த ஒன்றைச் சொல்கிறேன். மறந்தாய் என்பதும் சரியில்லை, அப்போது உனக்கு நாலு வயது. நாட்டில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். நான் துணி மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே மாங்கேணி, வாகரை, கதிரவெளி என்று கரையோர ஊர்களில் விற்றுத் திரிந்தேன். ஒருநாள் உன்னையும் உம்மாவையும் கடல் பார்க்கக் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது கதிரவெளி பஸ்ஸுக்குள் உனக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே போய், பல் கிட்டி, உடம்பு விறைத்துவிட்டது. உம்மா கத்திய கத்தல் இப்போதும் என் காதுக்குள் கிடக்கிறது. பஸ் நிறையச் சனம். மூன்றாவது வரிசையில் இருந்த மூன்று பேரும் யாரும் சொல்லாமலே எழுந்து நின்று, அந்த இருக்கையில் உன்னைக் கிடத்தச் சொன்னார்கள். மாங்கேணியில் மீன் கூடையோடு ஏறியிருந்த ஒரு பெண், பாக்கியம் என்று பெயர், தன் சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து உன் உடம்பெல்லாம் துடைத்தாள். கதிரவெளிக்காரரான சாரதி கண்ணாடியால் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நேர ஆசுபத்திரிக்கு விடப் போறன். இடையில இறங்கிற ஆக்கள் இரிக்கிறீங்களா?” இறங்க வேண்டியவர்கள் இருந்தார்கள். வயலுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு மரண வீட்டுக்குப் போகிற குடும்பம். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அத்தனை பேரும் தங்கள் இடத்தைத் தாண்டி ஆசுபத்திரி வாசல் வரைக்கும் உன்னோடு வந்தார்கள். அந்தச் சனத்தில் பாதிப் பேர் திரும்ப நடந்துதான் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீ உயிரோடு இருப்பது ஒரு பஸ்ஸால். இந்தக் கதையை உனக்கு நான் முன்பு சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அதையும் இப்போது சொல்கிறேன்.

அந்தப் பஸ்ஸைக் கொன்றவர்களில் நான் ஒருவன். சண்டை முடிந்து அந்தப் பாதையில் மீண்டும் பஸ் ஓடத் தொடங்கியபோது நான் துணி மூட்டையை விட்டுவிட்டு நீல நிற ஆட்டோ ஒன்று எடுத்திருந்தேன். எங்கள் தொழிலில் அப்போது ஒரு கெட்டித்தனம் இருந்தது. அதைக் கெட்டித்தனம் என்றுதான் சொல்லிக்கொண்டோம். பஸ் முன்னால் ஓடுவது. டிப்போவில் இருந்து பஸ் கிளம்பியதும் ஒருவன் போனில் சொல்லுவான். நாங்கள் ஐந்தாறு பேர் அதற்குப் பத்து நிமிடம் முந்தி ஒவ்வொரு தரிப்பாகப் போய், நிற்கிற சனத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். “பஸ் உடைஞ்சிற்றாம், இண்டைக்கு வராதாம்,” என்று வாய் கூசாமல் பொய் சொல்லியும் ஏற்றியிருக்கிறேன். பின்னால் வருகிற பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று, ஆளில்லாமல் வெறுமையாகப் போகும். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். சாரதி அதே கதிரவெளிக்காரர், உன்னை ஆசுபத்திரிக்குக் கொண்டு போனவர். ஒருநாள் பஸ்ஸை என் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி இறங்கி வந்தார். சண்டை பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அவரோ அண்ணனைக் கூப்பிடுவது போலப் பேசினார். “காக்கா, நான் சம்பளக்காரன், எனக்கு ஒண்டுமில்ல. ஆனா இப்பிடிப் போனா ஒருநாள் இந்தப் பஸ் வராது. மறுகா உங்களுக்கும் ஆள் வராது. சனம் ஆளுக்கொரு மோட்டச்சைக்கிள் வாங்கிரும்,” என்றார். என் மகன் எப்படி இருக்கிறான் என்றும் கேட்டார். நான் ஹோர்ன் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன் மகன். அந்த மனிதர் என் பிள்ளையைக் கேட்டார், நான் அவருக்கு ஹோர்ன் அடித்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஆளில்லை என்று முதலில் மத்தியான ஓட்டத்தை நிறுத்தினார்கள், பிறகு காலையில் ஓடியதையும் நிறுத்திவிட்டார்கள். பஸ் இல்லாமல் போனதும் எங்கள் ஆட்டோக்களுக்குக் கொஞ்ச நாள் கொண்டாட்டம். அதன் பிறகு வசதியுள்ளவர்கள் மோட்டார் சைக்கிள் எடுத்தார்கள், வசதியில்லாதவர்கள் கடனுக்கு எடுத்தார்கள். ஒரு பஸ்ஸுக்குள் போன சனம் இப்போது முப்பது நாற்பது எஞ்சினில் போகிறது. முன்பு ஒரு குழாயால் போன புகை நாற்பது குழாயால் போகிறது. மோட்டார் சைக்கிள் கூடியதும் ரோட்டின் அகலம் காணாது என்றார்கள். ரோட்டை அகட்ட இரண்டு பக்கமும் நின்ற மருத மரங்களைத் தறித்தார்கள். கச்சான் காற்று அனலாய் அடிக்கிற நாளில் அந்தச் சந்தியில் இப்போது மனிதன் நிற்க முடியுமா? வெயிலில் நிற்க முடியவில்லை என்று மோட்டார் சைக்கிள்காரன் வான் எடுக்கிறான். வான் வந்தால் நிறுத்த இடம் வேண்டும், வாசல் வரைக்கும் வழி வேண்டும். அதற்குக் கிறவல். அதற்கு ஒரு மலையை வெட்டுகிறார்கள், ஒரு வாவியை நிரப்புகிறார்கள். இப்போது சொல், ஏறாவூரில் நேற்றுக் கொட்டிய கிறவலை யார் கொட்டியது? முதல் கூடையை நான் என் நீல ஆட்டோவால் கொட்டினேன். கடைசிக் கூடையை நீ கொட்டாதே என்றுதான் உன்னிடம் மன்றாடுகிறேன். ஏசுகிறேன் என்று சொல்லிவிட்டு மன்றாடுகிறேன், பார்.

இன்னும் ஒரு அழுக்கு இருக்கிறது. எங்கள் ஆட்டோ தரிப்புக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடியது, உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அதில் கப்பல் விட்டிருக்கிறாய். எஞ்சின் ஒயில் மாற்றுகிற நாளில் பழைய ஒயிலை அந்த வாய்க்காலில்தான் ஊற்றுவோம். ஒரு ஆள் இரண்டு ஆள் இல்லை, தரிப்பில் நின்ற அத்தனை பேரும், வருடக் கணக்கில். கறுப்பாகப் போய் ஆற்றில் விழுந்து, மேலே நீலமும் ஊதாவுமாய்ப் படர்ந்து நிற்கும். “ஆறு பெரிசுதானே,” என்போம். டிப்போவில் பஸ்ஸுக்கு ஒயில் மாற்றினால் பழையதை ஒரு பீப்பாவில் பிடித்து வைப்பார்கள், அதற்கு ஒரு பொறுப்பான ஆள் இருப்பார், ஊற்றினால் கேட்பதற்கு மேலே இன்னொரு ஆள் இருப்பார். எங்களைக் கேட்க யார் இருந்தார்கள்? எல்லோரும் ஒரு வாகனத்தில் போனால் அதன் அழுக்கும் ஒரு இடத்தில் இருக்கும், கையால் சுட்டிக் காட்டலாம், நிறுத்தலாம். ஆளுக்கொன்று வைத்திருந்தால் ஆளுக்கொரு வாய்க்காலில் ஊற்றிவிட்டு, ஆற்றில் இறால் இல்லை என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கலாம். உம்மா இறால் பொரித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று போன மாதம் போனில் கேட்டாயே. இதுதான் பதில்.

பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் நீ அங்கே இருந்தாய், உனக்குத் தெரியாது. என் ஆட்டோவும் வரிசையில் கிடந்தது. வாகரையில் ஒருவர் இறந்து, அந்த மையித்து வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எங்கேயோ இருந்து வந்த ஒரு பழைய பஸ் சனத்தை அள்ளிக்கொண்டு போனது, அதில் தொற்றிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். முடி நரைத்திருந்தது, எனக்கு அடையாளம் தெரியவில்லை. “காக்கா, அந்த வலிப்பு வந்த புள்ள இப்ப எங்க இரிக்கான்?” என்றாள். மாங்கேணி பாக்கியக்கா! கட்டாரில் இருக்கிறான் என்றேன். அவளுக்கு அப்படிச் சந்தோசம். உன் கலியாணத்துக்குச் சொல்ல வேண்டும் என்றாள். மீன் யாவாரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். “அது எப்பவோ விட்டாச்சு. பஸ் நிண்டதோட கூடையத் தூக்கிற்று எப்பிடி வாற? அத விடுங்க, என்ட சின்ன மகள் நல்லாப் படிச்சவள் காக்கா. வகுப்புக்கு ஓட்டமாவடிக்கு வாறதுக்கு வழியில்லாமப் போய், வீட்டோட நிண்டுற்றாள். இப்ப தையல் வேலைக்குப் போறாள்,” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோபமே இல்லாமல், சும்மா ஒரு விசயத்தைக் கேட்பது போலக் கேட்டாள்: “நீல ஆட்டோ உங்கடதானே? பஸ்ஸுக்கு முன்னுக்கு வருமே, அதுதானே?” ஓம் என்றேன். அவ்வளவுதான். அவள் என்னை ஏசியிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டிருக்காது.

பஸ் என்றால் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. நேரத்துக்கு வராது, நேற்று நான் போன பஸ்ஸும் பிந்தித்தான் வந்தது. சில பஸ்கள் கறுப்புப் புகை கக்குகின்றன, சில ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. நெரிசலுக்குள் பெண் பிள்ளைகளிடம் சேட்டை விடுகிற நாய்களும் ஏறுகின்றன. எல்லாம் தெரியும். ஆனால் ஏன் அப்படி இருக்கிறது என்று யோசித்தாயா? பேசினால் எடுபடக்கூடிய ஆட்கள் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள். உத்தியோகத்தர்கள், முதலாளிகள், உன்னைப் போல வெளிநாட்டுக் காசு உள்ளவர்கள். மிஞ்சி இருப்பவர்கள் பாக்கியக்காவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். அவர்கள் சத்தம் போட்டால் யார் கேட்கிறார்கள்? போன மாதம் வாவிக்கரையில் சுற்றாடலைக் காப்பது பற்றி ஒரு கூட்டம். வேடிக்கை பார்க்க நானும் போனேன். வந்த ஒவ்வொரு பெரியவரும் தனித்தனி வாகனத்தில் வந்தார். ஒருவர் இறங்கினால் அந்த வாகனத்துக்குள் வேறு ஒருவருமில்லை. பேச்சு முடியும் வரைக்கும் உள்ளே குளிர் இருக்க வேண்டுமென்று எஞ்சினை நிறுத்தாமலே வைத்திருந்தார்கள். வரிசையாக அத்தனை வாகனமும் உறுமிக்கொண்டு நிற்க, இவர்கள் ஆளுக்கொரு கண்டல் கன்று நட்டுப் படம் எடுத்தார்கள். வாகனங்களைத் திருப்புவதற்கு இடம் காணாமல், பின்னால் எடுக்கும்போது இரண்டு கன்றின் மேல் சில்லு ஏறியது. நான் கைகொட்டிச் சிரித்தேன். என்னைப் பைத்தியம் என்பது போலப் பார்த்தார்கள். ஒரு கன்றும் நட வேண்டாம், கிழமையில் ஒருநாள் எல்லோரும் பஸ்ஸில் வேலைக்கு வாருங்கள், அடுத்த கிழமையே பஸ் நேரத்துக்கு ஓடும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆட்டோக்காரன் சொன்னால் எடுபடுமா என்று விட்டுவிட்டேன். அதுவும் என் பிழைதான்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்பதை உம்மா உன்னிடம் மறைத்திருப்பாள். கரையோர ஊர்ச் சனம் எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து, கதிரவெளிக் காலை பஸ்ஸை மறுபடியும் விட்டிருக்கிறார்கள். ஆள் ஏறினால் ஓடும், ஏறாவிட்டால் மாரிக்குப் பிறகு நிறுத்திவிடுவார்களாம். அதனால் காலையில் அதே சந்தியில், நான் ஆட்டோவுக்கு ஆள் கூப்பிட்ட அதே இடத்தில் நின்று, “மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி” என்று பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறேன். இப்போதைய ஆட்டோப் பொடியன்மார் என்னைப் பார்த்து, “காக்காக்கு மண்ட கழண்டுற்று,” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களிடம் சண்டை பிடிக்கப் போவதில்லை. பஸ் வந்து நிற்கிற சந்தியில் இருந்து ஊருக்குள்ளே கிழவர்களையும் நோயாளிகளையும் மூட்டை முடிச்சையும் கொண்டு போக ஆட்டோ வேண்டும்தானே. பஸ்ஸுக்கு முன்னால் ஓடாமல் பஸ்ஸுக்குப் பின்னால் நில்லுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உன் மாமா மட்டும் வெட்கமாக இருக்கிறது என்று அந்தச் சந்தியால் வருவதை நிறுத்திவிட்டான். சந்தியில் ஆள் கூப்பிடுவது வெட்கம், ஒரு தையல்காரனை மிரட்டி வான் கேட்பது கௌரவம். நல்ல கணக்கு.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். வாவியில் பாதித் தூரம்தான் கொட்டியிருக்கிறார்கள். மிச்சப் பாதி இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது. அடுத்த கிழமை மீண்டும் டிப்பர் வரும் என்று சம்பந்தி சொன்னார். நான் வேண்டாமென்றால் அவர் நிறுத்த மாட்டார், தகப்பன் மரியாதைக்குச் சொல்கிறான், மாப்பிள்ளை மனசுக்குள் வைத்திருப்பான் என்று பயப்படுவார். பெண்ணைப் பெற்றவனின் பயம் அது. நீதான் சொல்ல வேண்டும். உன் வாயால், அவர் காதுக்கு, வான் வேண்டாம், கொட்டிய கிறவலையும் மாரிக்கு முன் அள்ளி எடுத்துவிடுங்கள் என்று சொல். அள்ளுகிற வேலைக்கு நான் மண்வெட்டியோடு வருகிறேன், நீ லீவில் வந்ததும் நீயும் வா. ஒழுங்கையால் நடந்து போ. மழை பெய்தால் குடை பிடி. உன் பெண்சாதி பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸில் நீயும் ஏறு, அவளோடு நீ நின்றால் ஒருவனும் சேட்டை விடமாட்டான். பஸ் பிந்தினால் சத்தம் போடு, எழுதிக் கொடு, உன் குரல் எடுபடும். வாகனம் கட்டாயம் வேண்டிய நாளும் வரும், எனக்குத் தெரியாதா? அந்த நாளுக்கு ஒழுங்கையில் உள்ள நாலு வீடும் சேர்ந்து சந்தியில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண நாளைப் பற்றி ஒன்று. எத்தனை வாகனத்தில் மாப்பிள்ளை வந்தார் என்று எண்ணுவதுதான் எங்கள் ஊர்க் கௌரவம். உன் மாமா ஒரு பட்டியலே வைத்திருக்கிறான். நான் ஒரு பஸ் பேசிவிட்டேன். ஒரே ஒரு பஸ். சொந்தக்காரர் அத்தனை பேரும் அதற்குள் அடங்குவார்கள். பாக்கியக்காவுக்கும் அவள் மகளுக்கும் சொல்லியாயிற்று. அந்தச் சாரதி ஓய்வெடுத்துக் கதிரவெளியில்தான் இருக்கிறார், அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். “ஆர் ஓட்டுற பஸ் எண்டு பாத்து ஏறுறன்,” என்று சிரித்தார். வருவார்.

பஸ் காலையில் எங்கள் சந்தியில் இருந்து கிளம்பும். மாமா உனக்காக வான் ஒன்றைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்துவான், எனக்குத் தெரியும். அதில் ஏறுவதானால் ஏறு, உன்னை நான் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. நான் எல்லோருக்கும் முன்னால் பஸ்ஸுக்குள் ஏறி, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் முகம் துடைக்கிற என் லேஞ்சியைப் போட்டு இடம் பிடித்து வைப்பேன். எவ்வளவு சனம் ஏறினாலும் அதில் ஒருவரையும் உட்கார விடமாட்டேன். நீ வராவிட்டால் ஏறாவூர் வரைக்கும் அந்த இடம் வெறுமையாகவே வரும். அன்று உன்னை ஆசுபத்திரிக்குக் கொண்டு போன சனத்தில் இரண்டு பேர் அந்தப் பஸ்ஸில் இருப்பார்கள், அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். நான் உட்காரமாட்டேன் மகன். அந்த லேஞ்சிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் உன் கல்யாணத்துக்கு வருவேன்.

வாப்பா